அத்தியாயம் 7: வேகமான மின்காரை நம் வீதிக்குப் பழக்குதல்

இலங்கையில் மின்கார் பரவலாக ஓடத் தொடங்கியது நிசான் லீஃபோடுதான். 2014, 2015 காலத்தில் வரி குறைவாக இருந்தபோது ஜப்பானிலிருந்து வந்த பாவித்த லீஃப்கள் நம் கிழக்குக் கரையோரத்துக்கும் வந்து சேர்ந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருட இடைவெளியில் மின்கார் எவ்வளவு மாறிவிட்டது என்பதை, பழைய லீஃபை விற்றுவிட்டுப் புதியதில் ஏறுகிறவர் முதல் முறை அக்சிலரேட்டரை மிதிக்கும்போது உணர்வார்.

பழைய 24 கிலோவாட் மணி லீஃபின் மோட்டார் 80 கிலோவாட். காரின் எடை ஏறத்தாழ 1,500 கிலோ. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பதினொரு விநாடிக்கு மேல் எடுக்கும். பிவைடி அட்டோ 3 இன் மோட்டார் 150 கிலோவாட், எடை 1,750 கிலோ, அதே வேகத்துக்கு 7.3 விநாடி. பிவைடி சீலின் பின்சில்லு இயக்க வகையில் 230 கிலோவாட், ஏறத்தாழ 2,050 கிலோ, 5.9 விநாடி. அதன் நான்கு சில்லு இயக்க வகை 390 கிலோவாட்டும் 2,185 கிலோவுமாக வந்து, 3.8 விநாடியில் 100ஐத் தொடுகிறது. சில வருடங்களுக்கு முன்புவரை இந்த வேகம் பந்தயக் கார்க்காரர் மட்டும் பேசிய விடயம்.

இந்த எண்களில் எல்லோரும் விநாடியைப் பார்க்கிறார்கள். நீங்கள் கிலோவைப் பாருங்கள். சீலில் லீஃபைவிட அரைத் தொன்னுக்கு மேல் கூடிய பாரம் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் தள்ளும், ஒவ்வொரு பிரேக்கிலும் முன்னே தள்ளும். அதைப் பிடித்து நிறுத்துவது உள்ளங்கை அகலத்துக்கு வீதியைத் தொடும் நான்கு துண்டு ரப்பர்தான். பலம் காரோடு வந்துவிட்டது. அதற்காக இனி ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். கையில் மிஞ்சும் காசு பிடிமானத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் போகட்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது அதைத்தான்.

எந்தக் கார்

மின்காருக்கான உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே கூடுதல் பலத்துக்கு நீங்கள் இரண்டு முறை விலை கொடுக்கிறீர்கள்: ஒரு முறை கம்பனிக்கு, இன்னொரு முறை சுங்கத்துக்கு. பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது வழியாகக் காரைதீவு வரைக்கும் ஏ4 வீதியின் இரு பக்கமும் வீடும் கடையும் பாடசாலையும் பள்ளிவாசலும்தான். ஊருக்குள் சட்டம் தரும் வேகம் 50, வெளியே 70. இந்த வீதியில் 3.8 விநாடிக்கு வேலை இல்லை. பொத்துவில் பக்கம் திறந்த வீதியில் லொறியொன்றை முந்தும்போது 230 கிலோவாட் தாராளமாகப் போதும்.

நான்கு சில்லும் இழுத்தால் காரின் பிடிமானம் கூடிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மழையில் கிளம்பும்போதும், வளைவு முடிந்து வெளியே வரும்போதும் அது உண்மை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எந்தக் காரும் நான்கு சில்லிலும்தான் நிற்கிறது. வளைவுக்குள் நுழையும்போது டயர் மட்டும்தான் பேசும். அந்த இரு நேரத்திலும் நான்கு சில்லு இயக்கம் உங்களுக்குக் கொடுப்பது மேலதிகமாக 130 கிலோ பாரத்தை மட்டுமே. கண்டிக்கும் பதுளைக்கும் மாதம் பல தடவை மலையேறுகிறவர் அதை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு என் சிபாரிசு பின்சில்லு இயக்கம்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கொழும்பில் காட்சியறையைச் சுற்றியுள்ள வழவழப்பான வீதியில் எல்லாக் காரும் நல்ல காராகவே தெரியும். முடிந்தால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். பின்னால் மூன்று பேர் இருக்கும்போது ஒரு வேகத்தடையைக் கடந்து பாருங்கள்: கார் ஒரே முறை அமிழ்ந்து எழுந்து அமைதியாக வேண்டும். இரண்டாம் முறையும் ஆடினால், அல்லது அடிப்பாகம் உரசினால், அந்தக் கார் நம் ஊருக்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

டயர்: முதல் காசு இங்கேதான்

சீலின் உயர்வகையில் வரும் டயர் 235/45 ஆர் 19. டயரை மாற்றும் நாள் வரும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அளவை. நீங்கள் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது பாரக் குறியீட்டை. அளவுக்குப் பக்கத்தில் 91, 94, 99 என்று ஓர் இலக்கம் இருக்கும். 91 என்றால் அந்த டயர் தாங்குவது 615 கிலோ, 94 என்றால் 670, 99 என்றால் 775. லீஃபில் போட்ட 205/55 ஆர் 16 டயருக்கு 91 போதுமாக இருந்தது. இரண்டு தொன் காரில் ஐந்து பேரும் சாமானும் ஏறினால் பின்சில்லில் விழும் பாரம் அதைத் தாண்டிவிடும். காருடன் வந்த டயரின் பாரக் குறியீட்டைவிடக் குறைந்ததை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், போடக் கூடாது.

அடுத்து ஈரப் பிடிமானம். ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த டயரென்றால் ஒட்டியிருக்கும் லேபலில் ஈரத்துக்கு ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து இருக்கும். ஏ அல்லது பி எடுங்கள். அமெரிக்க முறையில் முத்திரை குத்திய டயரின் பக்கச்சுவரில் ட்ராக்ஷன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்று இருக்கும். இரட்டை ஏதான் உயர்ந்தது. ட்ரெட்வேர் இலக்கம் கூடக் கூட டயர் நீண்ட காலம் உழைக்கும். கூடவே பெரும்பாலும் ரப்பர் கடினமாகவும் இருக்கும். அதிக தூரம் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த கடின டயரை 230 கிலோவாட் காரில் போட்டால் மாரியின் முதல் மழையிலேயே அதன் குறை தெரிந்துவிடும். மென்மையான ரப்பர் ஒரு சார்ஜில் சில கிலோமீட்டரைக் குறைக்கும். அதைத் தயங்காமல் கொடுக்கலாம்.

டயர் எப்போது செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நம் வெயிலில் களஞ்சியத்தில் கிடந்த ரப்பர் ஓடாமலே இறுகிவிடும்.

பெரிய ரிம் அழகு என்று 20 அங்குலத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எதிர்த்திசையைச் சொல்வேன். 235/45 ஆர் 19 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 694 மில்லிமீட்டர். 235/50 ஆர் 18 போட்டால் 692. வேகமானி பிழைக்காது, ஆனால் பக்கச்சுவர் 12 மில்லிமீட்டர் உயரும். தார் உடைந்த குழிக்குள் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த 12 மில்லிமீட்டர்தான். இலேசான 18 அங்குல ரிம்மாகவும் பார்த்து எடுத்தால் சில்லின் பாரம் குறைந்து, மேடுபள்ளத்தில் டயர் வீதியை விட்டு எழும்புவதும் குறையும். ரிம் பிரேக் கலிப்பரில் முட்டாமல் சுழல்கிறதா என்பதை வாங்குமுன் மாட்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

காற்றை சுபஹுக்குப் பின், வெயில் ஏறுமுன், கார் ஓடாத நிலையில் பாருங்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. வெப்பம் ஐந்தாறு பாகை ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ கூடும். மத்தியானம் ஓடி வந்து சரிபார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் குறைந்த அழுத்தத்தில் நிற்கும். பாரமான கார் அப்படி ஓடினால் டயரின் இரு ஓரமும் தேயும், ஸ்டியரிங் மந்தமாகும்.

டயர் கடையில் இன்னொரு விடயத்தை நின்று கவனிக்க வேண்டும். மின்காரின் தரை முழுக்கப் பற்றரி. ஜாக்கை எங்கேயாவது வைத்துத் தூக்கினால் பற்றரியின் உறையை நசுக்கிவிடும். தூக்குவதற்கென்று நான்கு இடம் கதவின் கீழ்ச் சட்டத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு ஏற்ற தடித்த ரப்பர் துண்டுகளை வாங்கி டிக்கியில் வைத்திருங்கள். வேலை செய்யும் தம்பியிடம் இடத்தைக் காட்டிக் கொடுங்கள். பெட்ரோல் காரில் பழகிய கை தானாகவே நடுவுக்குத்தான் போகும்.

அலைன்மென்ட்

டயருக்கு அடுத்த காசு இதற்கு. செலவு சொற்பம், பலன் பெரிது. பல இடங்களில் முன்சில்லு இரண்டை மட்டும் நேராக்கி அனுப்பிவிடுவார்கள். லீஃபின் பின்பக்கம் ஒரே இரும்புக் கம்பமாக இருப்பதால் அங்கே திருத்த எதுவுமில்லை. சீலிலும் அட்டோ 3 இலும் பின்சில்லு ஒவ்வொன்றும் பல கைகளால் தனித்தனியே பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கைகளில் ஒன்று சற்று விலகினாலும் பின்பக்கம் தன் பாட்டில் திசை திரும்பப் பார்க்கும். நேர்வீதியில் கார் அலைவதும், வேகத்தில் தடம் மாற்றும்போது பின்பக்கம் பிந்தி வருவதும் அதன் அடையாளம். நான்கு சில்லையும் அளக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்கே போங்கள். திருத்துமுன் எடுத்த அளவையும் திருத்திய பின் எடுத்த அளவையும் அச்சிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்சில்லின் மேற்பக்கத்தை உள்ளே சாய்த்தால் வளைவில் பிடிமானம் கூடும் என்று சொல்லித் தருபவர்கள் உண்டு. சொல்வது சரிதான். ஆனால் நம் கரையோர வீதி பெரும்பாலும் நேர்வீதி. அந்தச் சாய்வு டயரின் உள்விளிம்பை நாள்தோறும் தின்னும், அது கண்ணில் படுவதற்குள் கம்பி தெரிந்துவிடும். கம்பனி தந்த எல்லைக்குள் இடதும் வலதும் ஒரே அளவாக இருக்கும்படி வைப்பதே போதும்.

ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்

காரை இறக்கினால் வளைவில் சாயாது என்பது பெட்ரோல் கார்க் காலத்துப் பாடம். அங்கே என்ஜின் உயரத்தில் இருந்தது, இறக்கினால் பலன் தெரிந்தது. மின்காரில் மிகப் பாரமான பொருளான பற்றரி ஏற்கெனவே தரையில் கிடக்கிறது. 30 மில்லிமீட்டர் இறக்கி நீங்கள் பெறுவது கொஞ்சம், இழப்பது நிறைய: சில்லு மேலும் கீழும் போகும் இடம் குறையும், பாரம் ஏறியதும் கார் ரப்பர்த் தடையில் போய் இடிக்கும், இடித்த கணத்தில் அந்தச் சில்லு பிடிமானத்தை விடும். பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னால் உள்ள ஒவ்வொரு வேகத்தடையிலும் பற்றரியின் அடித்தகடு உரசும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காரின் மிக விலைகூடிய பாகத்தை வீதியில் தேய்ப்பதற்கு யாரும் சம்மதிக்கக் கூடாது.

காசு போக வேண்டியது சொக்கிற்கு. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது சொக். இரண்டு தொன் கார் வேகத்தடையில் ஏறி இறங்கிய பின் மிதப்பது போலத் தோன்றினால் சொக் அந்தப் பாரத்தை அடக்கவில்லை என்று அர்த்தம். சீலின் உயர்வகையில் அதிர்வின் வேகத்துக்கு ஏற்பத் தன் இறுக்கத்தை மாற்றும் சொக் கம்பனியிலிருந்தே வருகிறது. அங்கே கை வைக்கத் தேவையில்லை. மற்றக் கார்களுக்கு, கம்பனி ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு அதற்கென்றே செய்த, மேலெழும் ஆட்டத்தைச் சற்று இறுக்கமாகப் பிடிக்கும் சொக்கை நான்கு சில்லுக்கும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டை மாற்றி இரண்டை விட்டால் காரின் முன்னும் பின்னும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

புதிய கார் வாங்காமல் பழைய லீஃபையே வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். பத்து வருடம் கடந்த காரில் சொக்கின் எண்ணெய் களைத்திருக்கும், முன்கைகளின் ரப்பர் புஷ் வெடித்திருக்கும். அவற்றைக் கம்பனி ரப்பராலேயே புதுப்பித்து, நல்ல ஈரப் பிடிமானமுள்ள டயரைப் போட்டால் கார் மறுபடி இளமையாகும். கடினமான பொலியூரித்தேன் புஷ்ஷை நான் சொல்ல மாட்டேன். என்ஜின் சத்தம் இல்லாத காரில் ஒவ்வொரு கல்லின் சத்தமும் அதன் வழியே உள்ளே வரும்.

முன்சில்லு இழுக்கும் கார்கள், அட்டோ 3 உட்பட, வளைவில் வேகம் கூடினால் ஸ்டியரிங் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளியே தள்ளும். இடது வலது சில்லுகளை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைப் பின்பக்கம் மட்டும் சற்றுத் தடிப்பாக்கினால் அது குறையும். பின்சில்லு இயக்கக் காரில் அதையே செய்தால் ஈரத்தில் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும். அங்கே செய்யவே வேண்டாம்.

பிரேக், மலை, உப்பு

மின்கார் அக்சிலரேட்டரை விட்டவுடன் மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்துப் பற்றரிக்கு மின்சாரம் திருப்புகிறது. அதனால் உண்மையான பிரேக் வாரக்கணக்கில் வேலையில்லாமல் இருக்கும். கடலிலிருந்து சில நூறு மீட்டரில் வீடு உள்ளவருக்கு இது நல்லதல்ல. உப்புக் காற்றில் தட்டு துருப்பிடிக்கும், கலிப்பரின் ஊசி இறுகும், ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விடும். வாரத்தில் ஒரு முறை, பின்னால் வாகனம் இல்லாத நேர்வீதியில், மின்சாரம் திருப்பும் அளவை ஆகக் குறைத்துவிட்டு, 60இலிருந்து சில தடவை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். இரண்டு வருடத்துக்கொரு முறை பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், நம் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அதே தவணையில் ஊசிகளைக் கழற்றித் துடைத்து கிரீஸ் இடச் சொல்லுங்கள். கடற்கரை வீதியில் ஓடிய பின் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவும் பழக்கமும் வேண்டும்.

கண்டியிலிருந்து மஹியங்கனை, பதியத்தலாவை, மஹாஓயா, அம்பாறை வழியாக ஊர் திரும்புகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று. கண்டியில் பற்றரியை முழுக்க நிரப்பிக்கொண்டு மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் இறங்காதீர்கள். நிரம்பிய பற்றரிக்கு மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லை. பழகிய இழுப்பு திடீரென்று கிடைக்காது. 2,300 கிலோ பாரம் 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி ஏறத்தாழ 3 கிலோவாட் மணி. பற்றரியில் இடமிருந்தால் அதில் பெரும்பகுதி பற்றரிக்கே திரும்பும். இடமில்லையென்றால் அது பிரேக் தட்டில் சூடாகும். 80, 85 சதவீதத்தோடு கிளம்புங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே, நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்து முடியுங்கள். வளைவுக்குள் அக்சிலரேட்டரை இலேசாக மிதித்துக்கொண்டு போங்கள். பாரமான கார் வளைவின் நடுவில் பிரேக்கை விரும்பாது.

நம் வீதியில் மட்டும் உள்ளவை

காற்றுக் காலத்தில் கடற்கரை வீதிகளில் மணல் படியும். அறுவடைக் காலத்தில் சம்மாந்துறைப் பக்கம் வயலிலிருந்து ஏறும் உழவு இயந்திரங்கள் சேற்றைத் தாரில் விட்டுப்போகும். வீதியோரத்தில் நெல் காயும். மணலிலும் நெல்மணியிலும் எந்த டயருக்கும் பிடிமானம் இல்லை. மின்மோட்டார் மிதித்த கணமே முழு முறுக்கையும் கொடுக்கும் என்பதால் பெட்ரோல் காரைவிட இங்கே ஆபத்து கூட. இந்த வீதிகளில் ஸ்போர்ட் நிலை வேண்டாம்; ஈகோ அல்லது பனி நிலையில் அக்சிலரேட்டர் நிதானமாகும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பை ஒருபோதும் அணைக்காதீர்கள். மகனோ தம்பியோ காரைக் கேட்டால் ஈகோவில் போட்டுக் கொடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பற்றரிக்குள் தண்ணீர் போகாது, மின்கார் வெள்ளத்தில் நீந்தும் என்று விளம்பரக் காணொளிகளைப் பார்த்து நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிரச்சினை பற்றரிக்குள் தண்ணீர் போவதில் இல்லை. தட்டையான, அடைத்த அடிப்பாகம் உள்ள கார் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும், மிதந்தால் டயர் வீதியை விடும், ஓட்டம் அதைப் பக்கவாட்டில் கொண்டுபோகும். 2024 நவம்பர் 26இல் காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவ்வளவு உயரமான, பாரமான சில்லு உள்ள வாகனத்துக்கே அந்தக் கதி. தாம்போதியின் மேல் தண்ணீர் ஓடுகிறதென்றால் எந்தக் காரிலும் இறங்காதீர்கள். திரும்பிப் போய் வீட்டில் இருங்கள்.

எழுத்து வேலை

ரிம் அளவு, சொக், ஸ்டெபிலைசர் கம்பி எதை மாற்றுவதானாலும் அதற்கு முன் மூன்று இடத்தில் கேளுங்கள். கம்பனி உத்தரவாதம் எந்த மாற்றத்தால் போகும் என்று முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதிக்காரருக்கு மாற்றத்தை அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றம் விபத்தின் பின் கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும் மாற்றமா என்பதையும் விசாரியுங்கள்.

இஜாரா முறையில் கார் எடுத்தவர்களுக்கு நான்காவது ஒன்றும் உண்டு. கடைசித் தவணை முடியும் வரை காரின் சொந்தக்காரர் வங்கி; நீங்கள் வாடகைக்குப் பாவிப்பவர். சொந்தக்காரரின் சம்மதமில்லாமல் அவருடைய பொருளை மாற்ற உரிமையில்லை, மார்க்க ரீதியாகவும் ஒப்பந்த ரீதியாகவும். டயரும் அலைன்மென்டும் பராமரிப்பு, அவற்றுக்குக் கேட்க வேண்டியதில்லை. சொக்கையோ ரிம் அளவையோ மாற்றுவதானால் வங்கியின் கடிதம் கையில் கிடைத்த பிறகே கராஜுக்குப் போங்கள். கழற்றிய கம்பனிப் பாகங்களை வீசாமல் எண்ணெய் பூசிப் பெட்டியில் கட்டி வையுங்கள். காரைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் விற்க நேர்ந்தாலும் அவற்றைக் கேட்பார்கள்.